கம்ப்யூட்டரை மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை

கடையை ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு மாற்றினால் நாம் சரக்கை எண்ணி ஏற்றுகிறோம், எண்ணி இறக்குகிறோம். ஒரு மூட்டை குறைந்தாலும் அன்று இரவே தெரிந்துவிடுகிறது. கம்ப்யூட்டரை மாற்றும்போது மட்டும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. "எல்லாம் ஏத்தியாச்சு அண்ணாச்சி" என்று ஆள் சொல்கிறார். நாமும் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். எது ஏறவில்லை என்பது இரண்டு மூன்று மாதம் கழித்து, வாடிக்கைக் கடைக்காரர் ஒருவர் பழைய பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போதுதான் வெளிப்படுகிறது.

இந்தப் பேச்சு இப்போது எழுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கு அளித்து வந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11 எல்லாப் பெட்டியிலும் ஏறாது. டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு வசதி பெட்டிக்குள் இருக்க வேண்டும். இன்டெல் சில்லாக இருந்தால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஆகவே 2015, 2016இல் வாங்கிய பெட்டி இன்னமும் நன்றாக ஓடினாலும் மாற்றியாக வேண்டிய நிலை. நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஓட்டினால் ஓடும்தான். ஆனால் 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நெட் இல்லாமல் மொத்த வியாபாரம் நடத்த முடியுமா? பெட்டி மாறினால் பில் போடும் புரோகிராம், பிரிண்டர், தமிழ் எழுத்து, பழைய நிலுவை என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாக எல்லாமே ஆட்டம் காண்கின்றன.

முதலில் பழைய புரோகிராம்களைப் பார்ப்போம். 1990களில் நம் மண்டிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, உள்ளூர்ப் பையன்கள் பாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த டாஸ் புரோகிராம்கள்தான் பல கடைகளில் ஓடின. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, எலி கிடையாது. ஆனாலும் பில் போடும் வேகத்தில் இன்றைய புரோகிராம்கள் அவற்றுக்கு ஈடாகா என்பதை அனுபவித்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அவை 16 பிட் முறையில் எழுதப்பட்டவை. 32 பிட் விண்டோஸ் இருந்தவரை எப்படியோ தாக்குப் பிடித்தன. 64 பிட் விண்டோஸ் அவற்றை அடியோடு ஏற்பதில்லை. விண்டோஸ் 11 என்பது 64 பிட்டில் மட்டுமே வருவது. டாஸ்பாக்ஸ் போன்ற இலவசப் புரோகிராமுக்குள் வைத்து ஓட்டலாம். பழைய கணக்கைத் திறந்து பார்க்க அது போதும். அன்றாடம் நூறு பில் போட்டு அச்சடிக்க அதை நம்பியிருக்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

இருந்தாலும் பாக்ஸ்புரோ வைத்திருந்தவர்களை ஒரு வகையில் பாக்கியசாலிகள் என்றுதான் சொல்வேன். அந்தக் கணக்கு டி.பி.எஃப். என்ற வகைக் கோப்புகளில் இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போட்டாலே அந்தக் கோப்பு வரிசை வரிசையாகத் திறந்துகொள்ளும். எழுதியவர் தொழிலை விட்டுப் போயிருந்தாலும் கணக்கு நம் கையில் இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: டி.பி.எஃப். கோப்பை மட்டும் எடுத்து வராமல் அந்தப் போல்டரை முழுவதுமாகப் பிரதி எடுக்க வேண்டும். நீளமான குறிப்புகள் எஃப்.பி.டி. என்ற பக்கத்துக் கோப்பில் தனியாக இருக்கும். அதை விட்டுவிட்டால் சில சமயம் டி.பி.எஃப். திறக்கவே மறுக்கும். இதற்கு மாறாக, பிற்காலத்தில் வந்த பல பில்லிங் புரோகிராம்கள் கணக்கைப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. திரையில் அழகு இருக்கிறது, வெளியே எடுக்க வழி இல்லை. சரக்கு நம்முடையது, குடோன் சாவி இன்னொருவரிடம் என்பது போன்ற நிலைமை அது.

நண்பர் ஒருவருடைய கடையில் அதுதான் நடந்தது. புரோகிராம் விற்றவர் ஆண்டுப் பராமரிப்புத் தொகையை உயர்த்தினார். நண்பர் வேறு புரோகிராமுக்குப் போகிறேன் என்றார். "போங்கள், ஆனால் டேட்டாவின் பாஸ்வேர்டு எங்களுடையது" என்று பதில் வந்தது. அவருடைய வாடிக்கைக்காரர்கள், அவருடைய நிலுவை, அவருடைய சரக்கு. அதைப் பார்க்க அவரே பணம் கட்ட வேண்டியிருந்தது. பேசிப் பேசி முடித்தார்கள், ஆனால் ஒரு சீசன் போய்விட்டது. ஆகவே புரோகிராம் வாங்கும் அன்றைக்கே, செயல்விளக்கம் காட்ட வரும் ஆளிடம், "வாடிக்கைக்காரர் நிலுவையை பில் வாரியாக எக்ஸெலில் எடுத்துக் காட்டுங்கள்" என்று கேட்டுவிட வேண்டும். அங்கேயே எடுத்துக் காட்டினால் மேற்கொண்டு பேசலாம். "அது பிறகு செய்துகொள்ளலாம் சார்" என்றால் விலை பேசுவதையே நிறுத்திவிடலாம்.

பில் வாரியாக என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பெரும்பாலும் செய்யப்படுவது என்ன? ஒவ்வொரு கடைக்காரர் பெயரிலும் மார்ச் 31ஆம் தேதி உள்ள மொத்த பாக்கியை எடுத்து, ஏப்ரல் 1ஆம் தேதி ஆரம்ப இருப்பாக ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். ஐந்தொகை சரியாக வரும். ஆடிட்டருக்கும் அது போதும். ஆனால் நமக்குப் போதாது. 86,400 ரூபாய் பாக்கி என்றால், அது எந்தெந்தத் தேதியில் போட்ட எத்தனை பில், அதில் எந்தப் பில்லுக்கு எவ்வளவு வரவு, எதில் விலை வித்தியாசம் கழிக்க வேண்டியிருந்தது, எந்தச் செக் இன்னும் வசூலாகவில்லை என்பதெல்லாம் அந்த ஒரே வரிக்குள் கரைந்துபோகிறது. லைனுக்குப் போகும் வசூல் பையனிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியே "எந்தப் பில்லு?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல முடியாதவன் வெறுங்கையோடு திரும்புவான்.

எங்கள் மண்டியில் 2019இல் புரோகிராம் மாற்றியபோது, பில் வாரியாகத்தான் ஏற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தும், வந்த நிறுவனத்தார் மொத்தமாக ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு கிராமத்துக் கடைக்காரர் ஆடி மாதம் வந்தார். பங்குனியில் எடுத்த துவரம்பருப்புப் பில் கொடுத்தாகிவிட்டது, நீங்கள் கேட்பது அதிகம் என்றார். முப்பது வருட வாடிக்கை, பொய் சொல்கிற மனிதரும் அல்ல. புதிய பெட்டியில் பார்த்தால் ஏப்ரல் 1, ஒரே தொகை. பழைய பெட்டியை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால் அதைத் திறந்து பார்த்தோம். அவர் கொடுத்தது மாசி மாதப் பில்லுக்கு, பங்குனிப் பில் நிற்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்தது. அவரும் வருத்தமில்லாமல் ஒத்துக்கொண்டார். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் பணத்தை விட்டிருக்க வேண்டும், அல்லது வாடிக்கையை.

சட்டத்தின் பார்வையிலும் பில் தேதிக்குத்தான் மதிப்பு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கடன் தவணை பேசாமல் விற்ற சரக்கின் விலைக்கு, சரக்கைக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. உண்மைத் தேதி அழிந்து எல்லாமே ஏப்ரல் 1 என்று நிற்கும் கணக்கை வைத்துக்கொண்டு எந்த நாளைச் சொல்வது? ஜி.எஸ்.டி.யிலும், நம்மிடம் வாங்கும் கடைக்காரர் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நமக்குப் பணம் கொடுக்காவிட்டால், எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரியை அவர் திருப்பிக் கட்ட வேண்டும். தேதியைக் காட்டி வசூல் கேட்பதற்கு இதுவே நல்ல துணை. அதையும் இழக்கிறோம்.

வரி விகிதத்திலும் இதே போல ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நெய்க்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது. அதற்கு முன் விற்ற நெய் டின் திரும்பி வந்தால், பழைய பில்லில் எந்த வரி வாங்கினோமோ அந்த வரிக்குத்தான் கிரெடிட் நோட் போட வேண்டும். நல்ல புரோகிராம் ஒவ்வொரு சரக்குக்கும் இன்ன தேதி வரை இன்ன வரி என்று வைத்திருக்கும். மாற்றும்போது சரக்குப் பட்டியலை மட்டும் கொண்டுவந்தால் கடைசி விகிதம் மட்டுமே வரும். மூட்டையும் அப்படித்தான். 25 கிலோ வரை அடைத்த அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி வந்தவுடன் 26 கிலோ மூட்டை பிறந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். பழைய புரோகிராமில் இரண்டையும் "மூட்டை" என்றே வைத்திருந்தால் புதியதில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். இருப்பு எடுக்கும்போது குடோனுக்கும் கணக்குக்கும் ஒட்டாது.

கணக்கை ஒரு புரோகிராமிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஏற்றுவதற்கு இடையில் எக்ஸெல்தான் பாலம். அது உதவிக்கு வந்து உபத்திரவம் செய்யும் சாமான். நம்முடைய பருப்பு வகைகளின் எச்.எஸ்.என். எண் 0713, மிளகு, மிளகாய் 0904, மஞ்சள் 0910. எக்ஸெல் இவற்றை எண் என்று நினைத்து முன்னால் உள்ள பூஜ்யத்தை உதிர்த்துவிடும். 713 என்று ஏற்றிய கோப்பைப் புதிய புரோகிராம் தள்ளிவிடும், அல்லது தள்ளாமல் வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் போடும் அன்று தொல்லை கொடுக்கும். உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எண் 14 இலக்கம். அகலமில்லாத கட்டத்தில் அதைச் சுருக்கி, நடுவில் ஒரு ஆங்கில எழுத்தோடு எக்ஸெல் காட்டும், அப்படியே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் சுருக்கியதே நிலைத்துவிடும், எண் போனது போனதுதான். 15 இலக்கத்துக்கு மேல் எக்ஸெலுக்கு நினைவு நிற்காது. சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம். அதன் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். பணம் அனுப்பும் வேலைக்கு இது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. மருந்து எளிது: கோப்பைத் திறக்கும்போதே அந்தந்தப் பத்தியை "டெக்ஸ்ட்" என்று அறிவித்துவிட்டுத் திறக்க வேண்டும்.

தேதியில் இன்னொரு சங்கடம். கம்ப்யூட்டரில் நாட்டு அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால் 05/04/2025 என்பதை அது மே 4 என்று படிக்கும். 12ஆம் தேதிக்கு மேற்பட்டவற்றை மாதமாகப் படிக்க முடியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக, பாதி பில் சரியாகவும் பாதி பில் மாதம் மாறியும் நிற்கும். முழுக்கத் தப்பாக இருந்தால் உடனே கண்ணில் படும்; பாதி தப்பாக இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியாது. புதிய பெட்டி வந்ததும் நாட்டு அமைப்பு இந்தியா என்று இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கஷ்டம். கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிப்பதில்லை, எழுத்துக்குரிய எண்ணைத்தான் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதில் ஆளுக்கொரு வழக்கம் இருந்ததுதான் நம் தலைவலிக்கெல்லாம் மூலம். பாமினி எழுத்துருவில் "கணக்கு" என்று அடித்தால், உள்ளே சேமிக்கப்படுவது சின்ன எஃப், சின்ன இஸட், மறுபடி சின்ன எஃப், அரைப்புள்ளி, பெரிய எஃப் என்ற ஆங்கில அடையாளங்களே. பாமினி இருக்கும் பெட்டியில் அது கணக்கு; இல்லாத பெட்டியில் வெறும் கிறுக்கல். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு முறைகளை அறிவித்தது. பிறகு 2010இல் யூனிகோடை அரசுத் தரமாக ஏற்றது. யூனிகோடில் ஒவ்வொரு எழுத்து முறைக்கும் தனி எண் ஒதுக்கீடு இருப்பதால், அதில் வைத்த பெயர் செல்போனிலும் தெரியும், எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசப் புரோகிராம்கள் உண்டு. ஆனால் ஒரே பட்டியலில் தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் கலந்திருந்தால், ஆங்கிலப் பெயரையும் பாமினி என்று நினைத்து மாற்றி உளறலாக்கிவிடும். முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். மாறிய பிறகு பெயர் வரிசை சற்று விநோதமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். யூனிகோடின் எண் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன-வும், ர-வுக்கு அடுத்து ற-வும் வருகின்றன. நாம் பள்ளியில் படித்த வரிசையை அறியாத புரோகிராம், எண்ணைப் பார்த்து அடுக்கிவிடுகிறது.

பிரிண்டர் விஷயம் சின்னதாகத் தோன்றும், கவுண்டரில் கூட்டம் நிற்கும்போதுதான் பெரிதாகும். கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்க டாட் மேட்ரிக்ஸை விட்டால் நமக்கு வேறு கதி இல்லை. பழையவற்றில் இருப்பது 25 முனை கொண்ட பாரலல் இணைப்பு. புதிய பெட்டிகளில் அது வருவதில்லை. யு.எஸ்.பி.க்கு மாற்றும் ஒயர் வாங்கிப் போட்டாலும், எல்.பி.டி.1 என்ற வாசலுக்கே அனுப்பிப் பழகிய பழைய புரோகிராமுக்குப் பிரிண்டர் இருப்பது தெரியாது. பிரிண்டரை ஷேர் செய்து, அதற்கே எல்.பி.டி.1 என்று பெயர் சூட்டும் கட்டளை விண்டோஸில் உண்டு. சர்வீஸ் ஆளிடம் அதைக் கேளுங்கள். புதிய புரோகிராம் பில்லைப் படமாக வரைந்து அனுப்புவதால் பிரிண்டர் முக்கி முனகி அடிக்கும். "ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி" என்ற டிரைவரைப் போட்டால் பழைய வேகம் திரும்பும். ஆனால் அதில் தமிழ் வராது. வேகமா தமிழா என்று அவரவர் தீர்மானித்துக்கொள்ள வேண்டியதுதான். முன்கூட்டியே அச்சடித்த தொடர்காகிதம் வைத்திருப்பவர்கள் அதன் நீளத்தைப் புதிய பெட்டியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் ஏ4 என்று நினைத்துக் காகிதத்தைத் தள்ளும். பத்தாவது பில்லில் தொகை விழ வேண்டிய கட்டத்தில் கடைக்காரர் பெயர் விழும்.

போன் மாற்றுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போது பாதி ஆர்டர் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. விலை பேசியதும் அதில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பிரதி கூகுளில் போய் நிற்கும், ஐபோன் அதைப் படிக்காது. 2022இலிருந்து ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாற்ற முறையான வழி வந்திருக்கிறது. ஐபோனை முதன்முதலாகத் துவக்கும்போதே அதைச் செய்துகொள்வது நல்லது. பழைய போனைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு தேடிப் பயனில்லை.

எப்போது மாற்றுவது? ஏப்ரல் 1 என்பதுதான் பொதுவான வழக்கம், கணக்காண்டுக்கும் அதுவே பொருந்தும். ஆனால் தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய மாதங்களில் யார் சொன்னாலும் மாற்றக் கூடாது. மாற்றிய பின் ஒரு மாதமாவது இரண்டிலும் பில் ஏற்றிப் பார்க்க வேண்டும். குமாஸ்தா முணுமுணுப்பார், அந்த ஒரு மாதத்துக்கு அவருக்குக் கூடுதலாக ஏதாவது கொடுத்துவிடுங்கள், செலவு அதிகமில்லை. வெறும் மொத்தத்தை மட்டும் ஒப்பிடாமல், பெரிய பாக்கிக்காரர் இருபது பேர், அடிக்கடி சரக்குத் திருப்புகிறவர் ஐந்தாறு பேர் என்று எடுத்து, பழைய பேரேட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். சரக்கிலும் மூட்டை எண்ணிக்கை, கிலோ, மதிப்பு மூன்றும் தனித்தனியே ஒட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மாற்றுவதற்கு முதல் நாள் எல்லாப் பேரேடுகளையும், பில் வாரி நிலுவைப் பட்டியலையும் பி.டி.எஃப். ஆக எடுத்து இரண்டு இடத்தில் வைத்துவிட்டால், எந்தப் புரோகிராமும் இல்லாமலே அவற்றைப் படிக்கலாம்.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, கணக்குகளை அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25ஆம் ஆண்டுக்குக் கெடு 2025 டிசம்பர் 31. எனவே அந்த வருடக் கணக்கு 2031 டிசம்பர் 31 வரை கேட்டால் காட்டும் நிலையில் இருக்க வேண்டும். அப்பீல் ஏதும் நடந்துகொண்டிருந்தால் இன்னும் நீளும். ஆகவே பழைய பெட்டியை நெட் இணைப்பில்லாமல் ஒரு மூலையில் வைத்து, மாதம் ஒரு முறை போட்டுப் பார்த்து அணைத்து வையுங்கள். ஒன்றிரண்டு வருடம் மின்சாரமே காட்டாமல் வைத்த பெட்டி, தேவைப்படும் நாளில் எழுந்திருக்காது. கெடு எல்லாம் முடிந்து பழைய இரும்புக்குப் போடும்போது ஹார்டு டிஸ்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, வெறும் பெட்டியைக் கொடுங்கள். அவர் தரும் விலையில் ஒன்றும் பெரிதாகக் குறைக்க மாட்டார்.